புகை தெரியும் இடம்

786
இராயபுரம்,
14-11-1950

அன்புள்ள ரஹீமுன்னிசாவுக்கு பக்ருதீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நான் சுகம். முழங்கால் வலியைச் சொல்லிப் பயனில்லை, அது என்னோடுதான் போகும். உன் வாப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? இந்த மழையில் ஏரித் தண்ணீர் வீட்டுப் பக்கம் ஏறிவிடவில்லையே?

நிற்க. என் தம்பி ஹுமாயூன் மௌத்தாகி இரண்டு வருஷம் ஆயிற்று. இதுவரை உனக்கு நான் காகிதம் போட்டதில்லை. அவன் உயிரோடு இருக்கும்போதே நீ பழவேற்காட்டுக்குப் போய்விட்டாய். அதைப் பேச இதை எழுதவில்லை.

வருகிற மார்ச்சில் டில்லியில் ஆசியா தேசங்கள் எல்லாம் கூடிப் பந்தயம் நடத்தப்போகின்றன. அதற்காக இங்கே ஓட்டக்காரர் சங்கத்தார் ஒரு மலர் போடுகிறார்கள். நம் மாகாணத்தில் ஓட்டமும் தாண்டுதலும் வளர்ந்த சரித்திரம் என்று அதில் ஒரு கட்டுரை. அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கும் அமீருதீன் அதைக் கொண்டுவந்து காட்டினான். விதிகள் எவ்வளவு கண்டிப்பாக நடத்தப்படுகின்றன என்பதற்கு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: "1948ஆம் வருஷத் தேர்வில் நூறு கஜ ஓட்டத்தில் துறைமுகத் தொழிலாளி ஒருவர் இருமுறை முந்திப் புறப்பட்டு விலக்கப்பட்டார்."

ஒருவர்! பெயர்கூட இல்லை. துப்பாக்கி வெடிப்பதற்கு முன் புறப்பட்டவன் என்றால் ஓட்டக்காரர்களுக்குள் திருடன் என்று அர்த்தம். என் தம்பி திருடவில்லை.

நான் சங்கத்துக்கு எழுதினேன். வாரிசு எழுதினால்தான் பார்ப்போம் என்று பதில். அவன் மனைவி என்பதால் வாரிசு நீ. மனுவை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்.
பக்ருதீன்

*

பழவேற்காடு,
2-12-1950

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு ரஹீமுன்னிசாவின் ஸலாம். வாப்பாவுக்கு இருமல் பரவாயில்லை. தண்ணீர் வாசற்படி வரை வந்து திரும்பிவிட்டது. தங்கள் முழங்காலுக்கு இங்கே ஒரு எண்ணெய் காய்ச்சுகிறார்கள். படகு போகும்போது கொடுத்தனுப்புகிறேன்.

மனு கிடைத்தது. பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்த வீட்டில் நான் இருந்த காலமெல்லாம் அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த வீட்டுக் கன்னியம்மா சிரிப்பாள். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு உன்னாண்ட கோவமா கீறாரா? நாலு தபா கூவுற, ஒரு தபாகூட திரும்பலியே!" விளக்கை அணைத்தபின் பேசினால் பதிலே வராது.

கடைசியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். குழாயடியில் வழுக்கி விழுந்து கத்தினேன். அவர் முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓட்டத்தில் புறப்படும்போது கால் ஊன்றக் கால்குழி தோண்டும் சின்னக் கரண்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. கன்னியம்மாதான் சுவரேறிக் குதித்து வந்து தூக்கினாள். வயிற்றில் இருந்ததும் போயிற்று. அந்த வாரமே வாப்பா வந்து என்னை அழைத்துப்போனார்.

நீங்கள் முன்கட்டில் இருந்தவர், அவரை வளர்த்தவர். அவருக்கு என்மேல் என்ன வெறுப்பு? அதை எழுதுங்கள். மறு தபாலில் கையெழுத்து வரும்.

இப்படிக்கு,
ரஹீமுன்னிசா

*

786
இராயபுரம்,
9-12-1950

ரஹீமுன்னிசாவுக்கு, ஸலாம். நான் சுகம். எண்ணெய் வேண்டாம்.

நான் கேட்டது கையெழுத்து. நீ குடும்ப விவகாரம் எழுதியிருக்கிறாய். புருஷன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்கெல்லாம் அண்ணன்காரனிடம் விளக்கம் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

உனக்கு அவன் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள். இந்த ஊரில் முதலில் ஓடியவர்கள் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள். பிறகு மிஷன் கல்லூரிப் பையன்கள் ஓடினார்கள். முதல் யுத்தம் முடிந்ததும் ஆண்ட்வெர்ப் என்ற ஊருக்கு இந்தியாவிலிருந்து சிலரைக் கப்பலேற்றினார்கள். நான் அப்போது மெசபடோமியாவிலிருந்து திரும்பித் துறைமுகத்தில் லஸ்கராக, கப்பல் கூலியாளாகச் சேர்ந்திருந்தேன். துறைமுகத் தொழிலாளர் ஓடுவதற்குத் தனி மைதானம் கிடையாது. மின்சார நிலையத்துச் சாம்பலை வண்டி வண்டியாகக் கொட்டி, ரயில் பாதைக்கு அப்பால் நாங்களே ஒரு தடம் போட்டோம். அந்தச் சாம்பலில் வெறுங்காலோடு ஓடித்தான் என் தம்பி கல்லூரிக்காரர்களைத் தோற்கடித்தான். இதெல்லாம் மலரில் இல்லை.

பட்டாளத்தில் பிஸ்டல் பிடித்தவன் என்பதால் புறப்பாட்டு வெடி போடுகிற வேலை வருஷக்கணக்காக என்னுடையது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய விதிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். சுதந்திரம் வந்த கையோடு சங்கத்தார் என்னிடமிருந்து பிஸ்டலை வாங்கி ஒரு புரொபசரிடம் கொடுத்தார்கள். லஸ்கர் கையில் எதற்கு என்றார்கள். அடுத்த பந்தயத்திலேயே என் தம்பி 'முந்திப் புறப்பட்டவன்' ஆனான்.

மனு உன்னிடம் இருக்கிறது. மலர் அச்சேறுவதற்குள் வரவேண்டும்.

பக்ருதீன்

*

பழவேற்காடு,
21-1-1951

பெரிய மச்சான் அவர்களுக்கு ஸலாம். நாங்கள் சுகம். நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் எண்ணெயை அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா?

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மீஞ்சூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். வாப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

காரணத்தை நீங்கள் கோபித்தாலும் எழுதுகிறேன். துறைமுகத்திலிருந்து வருகிறவர்கள் சொன்ன பேச்சு இங்கேயும் வந்தது. வேகன் தள்ளிவந்த எஞ்சின் ஊதிக்கொண்டே வந்ததாம். அவர் தண்டவாளத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அசையவே இல்லையாம். பந்தயத்தில் விலக்கினார்கள், பெண்டாட்டியும் விட்டுப்போனாள், வேண்டுமென்றே நின்றுவிட்டான் என்று பேசுகிறார்கள். நீங்கள் மய்யித்தை அடக்கம் செய்துவிட்டு, அந்தப் பேச்சுக்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

இங்கே ரயில் கிடையாது. ஆனாலும் ஏரியில் காற்று எழும்பினால் எனக்கு அந்த ஊதல் கேட்கிறது. தொழுகையில் நிற்கும்போதும் கேட்கிறது.

அவர் அப்படி நின்றாரென்றால் அது என்னால்தான். ஒருவரைச் சாகவைத்துவிட்டு நான் எப்படி இன்னொரு வீட்டில் விளக்கேற்றுவேன்? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

ரஹீமுன்னிசா

*

786
இராயபுரம்,
30-1-1951

ரஹீமுன்னிசாவுக்கு, ஸலாம். எண்ணெய் கிடைத்தது. தடவவில்லை.

என் தம்பி தன் உயிரைத் தானே போக்கிக்கொள்கிறவன் அல்ல. அதை இன்னொரு தரம் எழுதாதே.

நீ ஊதல் கேட்கிறது என்று எழுதினாய். நான் எழுத வேண்டாம் என்றிருந்ததை எழுதுகிறேன். போன ஜும்மா தொழுதுவிட்டு சாம்பல் மைதானத்து வழியாக வந்தேன். உச்சி வெயில், ஈ காக்கை இல்லை. மூலையில் சுண்டல் கூடையோடு கோவிந்தம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். புறப்பாட்டுக் கோட்டருகே சாம்பலில் இரண்டு கால்குழிகள் இருந்தன. அவன் தோண்டுகிற விதம் எனக்குத் தெரியும். இடது குழி ஆழமாக இருக்கும், விளிம்பைக் கரண்டியின் முதுகால் தட்டியிருப்பான். அப்படியே இருந்தது. அந்த மைதானத்தில் இப்போது ஓடுகிறவர்களே கிடையாது.

குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது சாம்பல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. கோட்டிலிருந்து முடிவு வரை வேகமாகப் போயிற்று. போகப் போக முதுகு மாதிரி ஏதோ தெரிந்தது. வெயிலாக இருக்கலாம். "ஹுமாயூன்!" என்று கூப்பிட்டேன். பட்டாளத்தில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன். அது திரும்பாமல் போய்விட்டது.

கோவிந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டே சொல்கிறாள்: "இன்னா பாய், இப்பத்தான் பாக்குறியா? அது பாட்டுக்கு ஓடிகினு கீது. யாரையும் ஒண்ணும் பண்றதில்ல. நீ சொம்மா கூவி அத பேஜாரு பண்ணாத."

அவன் பெயரைத் துடைக்கும்வரை அவன் ஓடிக்கொண்டுதான் இருப்பான். கையெழுத்துப் போடு.

பக்ருதீன்

*

பழவேற்காடு,
12-2-1951

பெரிய மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

நீங்கள் கூப்பிட்டும் திரும்பவில்லையா?

அவர் உயிரோடு இருந்தபோது நீங்கள் பின்னாலிருந்து கூப்பிட்டு ஒரு தடவையாவது திரும்பியிருக்கிறாரா?

ரஹீமுன்னிசா

*

786
இராயபுரம்,
18-3-1951

ரஹீமுன்னிசாவுக்கு பக்ருதீனின் ஸலாம். சுகம், சுகத்துக்கு எழுதவும்.

டில்லிப் பந்தயம் முடிந்துவிட்டது. டீக்கடை ரேடியோவில் கேட்டேன். நம்மவர்கள் நன்றாகத்தான் ஓடியிருக்கிறார்கள். மலரும் வெளியாகிவிட்டது. அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இனிமேல் மனுவில் கெஞ்சிப் பயனில்லை. நியாயத்தை வரிசையாக எடுத்துச் சொல்லப் புது மனு எழுதியிருக்கிறேன். அதன் சாரத்தை உனக்கும் சொல்கிறேன். படித்தபிறகாவது கையெழுத்துப் போடுவாய்.

துப்பாக்கி வெடித்தால் முதலில் தெரிவது புகை. சத்தம் அதற்குப் பிந்தித்தான் வரும். முடிவுக் கோட்டில் கடிகாரம் பிடிக்கிறவர்கள் புகையைப் பார்த்துத்தான் அழுத்துவார்கள். என் தம்பியும் புகையைப் பார்த்துப் புறப்படுகிறவன். அதில் தவறு ஒன்றும் இல்லை. விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் தடை கிடையாது.

நான் வெடி போட்ட காலத்தில் ஓட்டக்காரர்களுக்கு முன்னால் பக்கவாட்டில் போய் நிற்பேன். புகை வெள்ளையாகத் தெரியும்படி மைதானத்துக் கறுப்புச் சுவருக்கு எதிரே கையைத் தூக்குவேன். அவன் தலையை லேசாகத் திருப்பினால் என் கை தெரியும், புகை தெரியும். அவன் ஒரு பந்தயத்திலும் முந்தியதில்லை, பிந்தியதுமில்லை. புரொபசர் வந்தார். முதுகுக்குப் பின்னால் நின்று வெடித்தார். புகை எங்கே தெரியும்? அவன் பக்கத்தில் இருப்பவனின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கல்லூரிப் பையன் தோளைச் சற்று அசைத்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். என் தம்பி அதை நம்பிப் புறப்பட்டுவிட்டான். இரண்டாவது தடவையும் அதேதான் நடந்தது. திரும்பி வா என்று எல்லாரும் கத்தினார்கள். அவன் முடிவு வரை ஓடிப்போய், கட்டியிருந்த நாடாவை நெஞ்சால் அறுத்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு திரும்பினான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவன் பார்த்தான்.

சிறு வயதில் அவனைக் கப்பல் பாய்லர்களுக்குள் இறக்கிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்து சுவரில் ஒட்டிய உப்புப் படிவைச் சுத்தியலால் தட்டுகிற வேலை. அந்த இரும்பு ஓசையிலேயே அவன் வளர்ந்தான். கண்ணால் வேலை செய்கிற பழக்கம் அங்கே வந்தது. அவ்வளவுதான்.

இதற்குமேல் என்ன வேண்டும்? கையெழுத்துப் போடு.

பக்ருதீன்

*

பழவேற்காடு,
5-4-1951

பெரிய மச்சான் அவர்களுக்கு ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

காகிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுச் சோறு அடிப்பிடித்து நாறும்வரை எழுந்திருக்கவில்லை.

அவருக்குக் காது கேட்காது.

நீங்கள் அந்த வார்த்தையை எழுதவில்லை. நான் எழுதிவிட்டேன். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. சாப்பிட உட்கார்ந்தால் என் எதிரே உட்காருவார், பக்கத்தில் உட்காரமாட்டார். பேசினால் என் உதட்டையே பார்ப்பார். வெட்கமாக இருக்கும், முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொள்வேன். உடனே அவர் முகம் சுருங்கிவிடும். விளக்கை அணைக்க வேண்டாம் என்று கையைப் பிடிப்பார். எண்ணெய் வீணாகிறது என்று நானே ஊதி அணைத்துவிட்டு, பிறகு இருட்டில் பேசுவேன், பதில் இல்லையென்று அழுவேன். யாராவது வரும் நேரமானால் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தட்டினால் கைக்குத் தெரியும் என்பதற்காகவா? நான் அதைச் சந்தேகப்படுகிற புத்தி என்று நினைத்தேன்.

குழாயடியில் நான் விழுந்த அன்று கன்னியம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்ததும், கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனசாட்சி குத்தியது என்று நினைத்தேன்.

எஞ்சின் ஊதியதும் அவருக்குக் கேட்டிருக்காது. அவர் வேண்டுமென்று நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நிக்காஹ் பேசியபோது வாப்பா உங்களிடம் கேட்டாராம், மாப்பிள்ளைக்கு ஏதாவது குறை உண்டா என்று. ஒரு குறையும் இல்லை என்றீர்களாம். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் எதிரே போய் நின்றிருப்பேன். அவ்வளவு சின்ன வேலை.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் எழுத்துக்குக் கீழே என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "என் கணவருக்குக் காது கேட்காது." அந்த வரியை அடித்தால் என் கையெழுத்தையும் சேர்த்து அடித்துவிடுங்கள்.

ரஹீமுன்னிசா

*

பழவேற்காடு,
22-6-1951

பெரிய மச்சான் அவர்களுக்கு ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இந்த வெயிலில் மைதானத்துப் பக்கம் போகாதீர்கள்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

மீஞ்சூர்க்காரர் நோன்புக்கு முன் வாப்பாவைப் பார்க்க வந்திருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பித்தளைத் தட்டைக் கீழே போட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். "இன்னா உழுந்துச்சி?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெருநாள் கழித்து நிக்காஹ்.

ஊதல் இப்போது கேட்பதில்லை. அவருக்கே கேட்காதது எனக்கு எதற்கு?

அந்த வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

ரஹீமுன்னிசா

*

786
இராயபுரம்,
20-7-1951

அன்புள்ள ரஹீமுன்னிசாவுக்கு பக்ருதீன் துஆவுடன் எழுதுவது. பெருநாள் நல்லபடி கழிந்தது. நீயும் உன் வாப்பாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மீஞ்சூர் சம்பந்தம் நல்ல சம்பந்தம் என்று விசாரித்ததில் தெரிந்தது.

மனு என் பெட்டியில் நோன்பு முடியும்வரை இருந்தது. நீ சேர்த்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். ஒரு தரமல்ல. பிறகு அப்படியே கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்தேன். அங்கே குமாஸ்தா அதை உரக்கப் படித்துவிட்டான். சாயந்திரத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வேகன் பகுதி மேஸ்திரி தேசப்பன் துறைமுக வாசல் கேட்டில் என்னை நிறுத்தினான். ஹுமாயூனைப் பாய்லர் வேலையிலிருந்து தண்டவாளத்துப் பக்கம் மாற்றிக்கொண்டவன் இவன்தான். "இன்னா பாய், அன்னிக்கி உன் தம்பிக்கு காதெல்லாம் நல்லா கீதான்னு உன்னாண்ட கேட்டேனா இல்லியா? நல்லா கீதுன்னு நீதான சொன்ன? தெரிஞ்சிகினேதான் அவன லைனாண்ட உட்டியா?" பத்துப் பேர் சுற்றி நின்றார்கள்.

அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்கும் சொல்லப்போவதில்லை. காது கேட்காதவன் என்று வெளியே தெரிந்திருந்தால் அவனுக்கு வேலையும் கிடையாது, ஓட்டமும் கிடையாது, நீயும் கிடையாது. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

சங்கத்தின் பதில் நேற்று வந்தது. புறப்பாட்டு அதிகாரியின் முடிவே இறுதியானது, மாற்ற இயலாது. மேலும் செவிப்புலன் அற்ற ஒருவரைப் போட்டிக்கு அனுமதித்ததே பழைய நிர்வாகத்தின் பிழை. இவ்வளவும் டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். மறுபடியும் எழுதுவேன். நான் மௌத்தாகும்வரை எழுதுவேன்.

இன்று ஜும்மா முடிந்து மைதானத்துக்குப் போனேன். நீ போகவேண்டாம் என்றாய். போனேன். கோட்டருகே குழிகள் இருந்தன. விளிம்பு தட்டிய சாம்பல் ஈரமாகப் புதிதாக இருந்தது. ஓடுகிற சத்தம் இன்னும் புறப்படவில்லை.

இந்தத் தடவை நான் கூப்பிடவில்லை. ஓரமாகச் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். முழங்கால் இழுத்தது. அந்தக் கறுப்புச் சுவருக்கு எதிரே, பழைய இடத்தில், பக்கவாட்டில் நின்றேன். கையில் பிஸ்டல் இல்லை. கையை மட்டும் தூக்கினேன்.

கோவிந்தம்மா தூரத்திலிருந்து, "கைய கீழ போடு பாய், வெயில்ல மயக்கம் வந்துடப்போவுது!" என்று கத்தினாள்.

கையை இறக்கவில்லை. கோட்டில் யாரோ தலையை லேசாகத் திருப்பினார்கள்.

வஸ்ஸலாம்.
பக்ருதீன்